தலை திரும்பிய கிளி

தாராவி,
28 ஜூலை 2024

மதினிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நீங்கள் நலமாக இருப்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டு பெல்லை மூன்று தடவை அடித்தேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி முதல் பெல்லுக்கு நின்றது. இரண்டாவதுக்குக் கொலுசுச் சத்தம் கதவு வரை வந்தது. மூன்றாவதுக்குக் கதவில் இருக்கிற குட்டிக் கண்ணாடியில் இருட்டு விழுந்து விலகியது. வெற்றிலை பாக்குத் தட்டோடு ஏழாவது மாடியில் நின்றது நான்தான் என்று பார்த்த பிறகுதான் நீங்கள் கதவைத் திறக்கவில்லை.

பக்கத்து ஃப்ளாட் அம்மா எட்டிப் பார்த்து, "கர் மே கோயி நஹி க்யா?" வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டாள். மார்க்கெட் போயிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கினேன். ஆட்டோவில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. ஆட்டோக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று கேட்டான்.

என் நம்பரை பிளாக் செய்திருக்கிறீர்கள். ஹரி போனுக்குப் பேசலாம் என்றால், உங்கள் மகன் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் பேசுவான், மாடி முழுக்கக் கேட்கும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. எழுதினால் நமக்குள்ளேயே இருக்கும். என் வீட்டுக்காரர், ஹரிதா அப்பா, தினமும் ஸ்டாஃப் பஸ்ஸை அணுசக்தி நகருக்கு ஓட்டிப் போகிறது உங்கள் கேட் வழியாகத்தானே. வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பதிலையும் அவனிடமே கொடுத்து வையுங்கள்.

விஷயம் இதுதான். ஹரிதாவுக்குக் காது குத்து, செப்டம்பர் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சால் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற ஹாலில். கொரோனாவாலும் மாமனார் காரியத்தாலும் தள்ளித் தள்ளிப் போய்ப் பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிட்டது. அண்ணன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது உங்கள் வீடு ஒன்றுதான். அதுவும் சாத்திக்கொண்டால் நான் எங்கே போவேன்?

வைகாசியில் புது வீட்டுப் பால் காய்ப்புக்கு முன்னால் மூன்று நாள் வந்து உங்கள் கிளி பொம்மைகளை ஷோகேஸில் அடுக்கிக் கொடுத்தேன். வந்தவர்கள் பால் டம்ளரை வாங்கிக்கொண்டு நேரே ஷோகேஸ் முன்னால்தான் போய் நின்றார்கள். அன்றைக்கு நீங்கள் எவ்வளவு சிரித்தீர்கள்! அதற்கப்புறம் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

கீதா


செம்பூர்,
1 ஆகஸ்ட் 2024

கீதாவுக்கு,

உன் கடிதத்தை வாட்ச்மேன் கொடுத்தான். கவரில் ஏதாவது தடவியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் வாங்கினேன். இப்படிப் பார்க்கிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தது நீ.

கதவைத் திறக்காதது நான்தான். ஏன் என்று உனக்குத் தெரியாது என்பதை நான் நம்பவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

தாராவி வீட்டில் எனக்கு ஒரு கிளி வைக்க இடம் கிடையாது என்பது உனக்கே தெரியும். இருந்தும் வாங்கினேன். பீங்கான் கிளி, பித்தளைக் கிளி, சிப்பிக் கிளி, மாட்டுங்கா நடைபாதையில் வாங்கிய துணிக் கிளி, திருச்செந்தூர்ச் சங்குக் கிளி. வாங்கியதையெல்லாம் பழைய சேலைத் துணியில் சுற்றிப் பரண் டிரங்குப் பெட்டியில் போட்டு வைப்பேன். தீபாவளிக்கு ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றுவேன். "ஏன் மதினி கிளிகள ஜெயில்ல போட்டிருக்கிய?" என்று நீயே கேலி செய்திருக்கிறாய். நமக்கும் ஒரு ஷோகேஸ் வரும் என்றுதான் அத்தனை வருஷம் பொறுத்திருந்தேன்.

ஷோகேஸ் வந்தது. நீ கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் ஆரத்தித் தட்டு, சீர்த் தட்டு அலங்காரம் செய்கிற கை என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ எல்லாக் கிளிகளையும் பெட்ஷீட்டில் பரப்பினாய். உயரம் பார்த்தாய், நிறம் பார்த்தாய். ஹரியின் பழைய புஸ்தகங்களைப் படி மாதிரி அடுக்கி மேலே மெரூன் வெல்வெட் போட்டாய். "எல்லாக் கிளியும் நம்மளயே பாத்துச்சுன்னா சந்தைக் கூட்டமா இருக்கும், ஒண்ண ஒண்ணு பாக்கட்டும்" என்று சொல்லி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாய். கீழ்த்தட்டில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, நாலு கிளியை எட்டாகக் காட்டினாய். எல்லாம் சரி. அதற்கப்புறம் பாதிக் கிளிகளை எடுத்து மறுபடியும் டிரங்குப் பெட்டியிலேயே போட்டாய். எல்லாவற்றையும் வைத்தால் எதுவும் தெரியாது என்றாய். என் வயிறு எரிந்தது. ஊர் மெச்சியதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறந்த அன்று ஷோகேஸைத் துடைத்தேன். சாய்த்து வைத்த கண்ணாடியை எடுத்தால் அதற்குப் பின்னால் ஒரு கிளி. கழுத்தில் கறுப்பாக எதையோ பூசிக் கம்பியால் கட்டியிருக்கிறது. தலை முதுகுப் பக்கம் திரும்பியிருக்கிறது.

ஐந்தாவது மாடி பேராச்சி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில் தொடவே மாட்டேன் என்றாள். "காலி பீலி, சும்மா யாரும் தலயத் திருப்பி வப்பாளா மாரீ? இது செய்வினைக் கட்டுப் போட்டு வச்சிருக்கு" என்றாள். யோசித்துப் பார்த்தேன். குடிவந்ததிலிருந்து எதுவும் சரியில்லை. ஹரிக்கு வருகிறேன் என்ற வேலை வரவில்லை. நான் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் விட உன் அண்ணன். சரியாகச் சாப்பிடுவதில்லை. ஷோகேஸுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். நான் கண்ணாடிக் கதவைத் திறந்தாலே தூக்கிவாரிப் போடுகிறது அவருக்கு. கட்டு வேலை செய்கிறது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

அந்தக் கண்ணாடியை அங்கே வைத்தது நீ. நீ மட்டும்தான்.

மாரீஸ்வரி


தாராவி,
3 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

வாசித்து முடித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் இது சிரிக்கிற விஷயமில்லை என்று புரிந்தது. நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்கள்.

எனக்கு அப்படி ஒரு வித்தை தெரிந்திருந்தால் முதலில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவதை நிறுத்தியிருப்பேன். மழை ஆரம்பித்ததிலிருந்து சீர்த் தட்டுக்கு வாங்கி வைத்த ஜரிகை பூராவும் நமத்துப்போய்க் கிடக்கிறது. என் அண்ணன் குடும்பத்தைக் கட்டிப் போட்டு நான் எதைச் சாதிக்கப் போகிறேன்? அவன் நன்றாக இருந்தால்தான் என் பிள்ளைக்கு மாமன்.

எனக்கும் சந்தேகம் இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். நான் அடுக்கிய அந்த மூன்று நாளும் நீங்கள் ஸ்டூலைப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். டீ போடப் போனால் ஹரியை உட்கார வைத்துவிட்டுப் போனீர்கள். ஒரு கிளியை நான் ஒளிக்கிறேனோ என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவ்வளவு காவலுக்கு நடுவில் நான் எப்போது பூசினேன், எப்போது கட்டினேன்?

செம்பூர் போனதிலிருந்து நீங்கள் மாறிவிட்டீர்கள். பால் காய்ப்பு அன்று உங்கள் பில்டிங் ஆட்களிடம் என்னை "டெக்கரேஷன்காரப் பொண்ணு" என்று காட்டினீர்கள். நாத்தனார் என்று சொல்லவில்லை. தாராவிச் சொந்தம் வாசலுக்கு வருவது உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. மாமன் சீர் எடுத்துக்கொண்டு எங்கள் சந்துக்குள் நடந்து வரவும் கூச்சமாக இருக்கிறது. அதற்கு ஒரு சாக்கு வேண்டும். கிளி கிடைத்தது. இப்படி நான் சந்தேகப்பட்டால் உங்களுக்கு வலிக்கிறது இல்லையா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கிளி எது? என்ன கம்பி, என்ன கறுப்பு? முக்கியமாக அண்ணனிடம் காட்டினீர்களா? அவன் என்ன சொன்னான்?

கீதா


செம்பூர்,
8 ஆகஸ்ட் 2024

கீதாவுக்கு,

கேட்டாய், சொல்கிறேன். எல்லாம் உனக்கு எதிராகத்தான் வந்து நிற்கும்.

கிளி எது என்றால், பச்சைப் பீங்கான் கிளி. கல்யாணமான புதிதில் உன் அண்ணன் மாஹிம் மேளாவில் வாங்கிக் கொடுத்தது. என்னிடம் வந்த முதல் கிளி அதுதான். இத்தனையும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. நடுத்தட்டில் நடுவில் அதை வைத்தவள் நீயேதான். பால் காய்ப்பு முடிந்து பார்த்தால் அந்த இடத்தில் பித்தளைக் கிளி இருந்தது. பெட்டிக்குள் போட்ட பாதியோடு அதையும் போட்டுவிட்டாய் என்று நினைத்து மனம் வெறுத்துப் போய்ப் பெட்டியையே திறக்கவில்லை. கடைசியில் அது அங்கே, அந்தக் கோலத்தில் இருந்திருக்கிறது.

கறுப்பு, கல் மாதிரி இறுகியிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. கம்பி செப்புக் கம்பி, தலைமுடி கனம், நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது. உன் அண்ணன் குர்லா பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுருள் கட்டுகிற கம்பி. அதை நான் அடையாளம் தெரியாமல் இருப்பேனா? பேராச்சி அக்கா அதற்கும் சொன்னாள், யாரைக் கட்டுகிறார்களோ அவர் கை பட்ட பொருளாலேயே கட்ட வேண்டுமாம். நீ பட்டறைக்கு எப்போது போனாய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் போகாதவள் இல்லை.

உன் அண்ணனிடம் காட்டினேன். முகம் வெளுத்துப்போயிற்று. என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இத யாருட்டயும் சொல்லாத பிள்ள. கீதா காதுக்குப் போகவே கூடாது" என்றார். அந்த மழையில் இறங்கிப் போய் வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தேன் என்றார். உன் பேரை நான் அதுவரை எடுக்கவே இல்லை. அவராகவே எடுத்தார். தங்கை வேலைதான் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

விக்ரோலியில் இதையெல்லாம் எடுக்கிற ஆள் ஒருவர் இருக்கிறாராம். கூட்டிவரலாம் என்றேன். உன் அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஆளே மாறிவிட்டார், கீதா. வீட்டில் இருந்துகொண்டே இல்லாத மாதிரி இருக்கிறார்.

காது குத்துக்கு நாங்கள் வரமாட்டோம். மடிக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள். அதே விக்ரோலியில் இருக்கிற ஆறுமுகத்தாய் சித்தியிடமும் சொல்லிவிட்டேன், அவர்கள் கேட்டால் நீயே காரணம் சொல்.

மாரீஸ்வரி


தாராவி,
14 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

நான்தான் செய்தேன்.

செய்வினை இல்லை. அடுக்கும்போது துடைத்தேன், அந்தப் பச்சைக் கிளி கை தவறி விழுந்து கழுத்து ஒடிந்துவிட்டது. நீங்கள் திட்டுவீர்கள் என்று பயந்து, பசை போட்டு ஒட்டிக் கம்பி சுற்றிக் காய்வதற்காகக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். அப்புறம் சொல்ல வாய் வரவில்லை. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் உங்களையே திருப்பிப் பேசிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

கட்டு, மருந்து ஒன்றும் கிடையாது. ஹரிக்கு வேலை கிடைக்கும். விக்ரோலி ஆளெல்லாம் வேண்டாம்.

அண்ணனுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அவனை ஒன்றும் கேட்காதீர்கள், ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள். ஒன்றாம் தேதி மட்டும் நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள். பிள்ளை தினமும் மாமா மடி மாமா மடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கீதா


செம்பூர்,
20 ஆகஸ்ட் 2024

கீதாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்ததும் மனம் இறங்கிவிட்டது. விழுந்தது, ஒடிந்தது, சின்னவள், பயந்துவிட்டாள், போகட்டும் என்று நினைத்தேன். உன் அண்ணனிடம் சொல்லக்கூடச் செய்தேன். "கீதாதான் ஒடச்சிருக்கா, ஒத்துக்கிட்டா." அவர் சோற்றை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். குடிவந்த நாளிலிருந்து இரண்டாம் தடவை வாங்காத மனிதர்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு மறுபடியும். நீ அடுக்கியதை மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஒரு வெள்ளைக் கிளியின் மூக்கை ஒரு விரல் அகலம் திருப்புவதற்காக நீ எத்தனை தடவை வாசல் வரை போய் நின்று பார்த்துவிட்டு வந்தாய்! வெல்வெட்டில் பசை தெரிகிறது என்று ஒரு ஓரத்தையே பிரித்து மறுபடி ஒட்டினாய். அப்படிப்பட்டவளா கிளியின் தலையை முதுகைப் பார்த்து ஒட்டிவிட்டு, நல்லது என்று விட்டுவிட்டுப் போவாள்? அதுவும் கழுத்து முழுக்கக் கறுப்பை அப்பி? நீ கெட்டவள் என்று நம்ப முடிந்தது என்னால். உனக்கு வேலை தெரியாது என்று மட்டும் நம்ப முடியவில்லை.

நேற்று அவர் குளிக்கப் போனபோது பட்டறைப் பையைத் திறந்தேன். வாய்க்காலில் போட்டேன் என்று சொன்ன கிளி பழைய பனியனில் சுற்றி உள்ளே இருக்கிறது. தலை தனியாக, உடம்பு தனியாக. கறுப்புப் பசையை எமரித் தாள் போட்டுப் பாதி தேய்த்திருக்கிறார். பக்கத்தில் அந்தப் பசை ட்யூப் இரண்டு, ஒன்றாகக் கலந்து போடுகிறது. மோட்டார் வார்ப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்கிறது என்று ஒரு தடவை அவரே எனக்குக் காட்டியிருக்கிறார். பையை இருந்தபடி மூடி வைத்துவிட்டேன். இன்னும் அவரிடம் கேட்கவில்லை.

உன்னிடம் கேட்கிறேன். உனக்கு எப்போது தெரியும்? ஏன் பழியை வாங்கிக்கொண்டாய்?

பதிலையும் நானே சொல்லட்டுமா? அண்ணனும் தங்கையும் ஒன்று. அவர் பொய் சொன்னார், நீ அதற்கு மேல் ஒரு பொய் சொன்னாய். இந்த வீட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் நான் வெளியாள்தான். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, பைத்தியக்காரி மாதிரி பேராச்சி அக்காவை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாரீஸ்வரி


தாராவி,
23 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

உங்களிடம் ஒன்றையும் மறைக்க முடியாது என்று அண்ணன் சொல்வான். அது தெரிந்தும் மறைக்கப் பார்த்தான் பாருங்கள், அதுதான் அவன் புத்தி.

செப்புக் கம்பி என்று நீங்கள் எழுதியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே குர்லாவுக்குப் போனேன். பட்டறையில் தனியாக உட்கார்ந்து காயில் சுருள் கட்டிக்கொண்டிருந்தான். கடிதத்தை முன்னால் வைத்தேன். வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

பால் காய்ப்பு அன்று காலையில் ஷோகேஸுக்குள் லைட் மாட்டினான் இல்லையா? மாட்டும்போது முழங்கை இடித்து அந்தக் கிளி விழுந்திருக்கிறது. அதே நேரம் சொந்தக்காரர்கள் லிஃப்டில் ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள். பட்டறைப் பையோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பசையைக் கலந்து ஒட்டியிருக்கிறான். சட்டென்று இறுகுகிற பசை. வெளியே நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். கம்பி சுற்றி முடித்துப் பார்த்தால் தலை முதுகைப் பார்க்கிறது! அப்புறம் திருப்ப முடியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நடுவில் பித்தளைக் கிளியை நகர்த்தி வைத்துவிட்டு, வந்தவர்களுக்குப் பால் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

வேறு எந்தக் கிளி உடைந்திருந்தாலும் சொல்லியிருப்பானாம். அது அவன் வாங்கிக் கொடுத்த முதல் கிளி என்பதால் வாய் வரவில்லையாம். நீங்கள் அதைக் கண்டுபிடித்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்திருக்கிறான். அதற்குள் பேராச்சி அக்கா செய்வினை என்று சொல்லி, பில்டிங் பூரா அந்தப் பேச்சாகிவிட்டது. அப்புறம் என் பெயரும் அதில் வந்துவிட்டது. என் காதுக்குப் போனால் கம்பியிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் யாரிடமும் சொல்லாதே என்றானாம்.

நான் அவனிடம் நன்றாகக் கேட்டேன். உன் தங்கச்சிய சூனியக்காரின்னு சொல்லுதாவ, நீ சோறு தின்னுட்டு இருக்க என்றேன். அவன் அழுதான், மதினி. அப்பா இறந்தபோதுகூட என் முன்னால் அழாதவன்.

"ஏட்டி கீதா, நீ சின்னவ. நீ ஒடச்சேன்னு சொன்னா அவ ரெண்டு நாள் ஏசிட்டு வுட்டுருவா. நான்னு தெரிஞ்சா சாகுற மட்டும் என்னய நம்ப மாட்டா" என்றான்.

நான் யோசித்தேன். ஒன்றாம் தேதி பக்கத்தில் வந்துவிட்டது. அண்ணன் மடி வேண்டும், அதற்கு ஒரு பொய்தானே, சொல்லித் தொலைக்கிறேன் என்று எழுதினேன். உங்களை ஏமாற்றுகிறோம் என்று அப்போது தோன்றவில்லை. பாத்திரம் கைதவறினால் யார் கைதவறியது என்பதா பெரிது என்றுதான் தோன்றியது. நீங்கள் வெளியாள் என்று எழுதியதை வாசித்த பிறகுதான் உறைத்தது. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இருந்துகொண்டு உங்களைத் தனியாக நிற்க வைத்துவிட்டோம். அவன் செய்ததற்கு அவன் பதில் சொல்வான். நான் செய்ததற்கு என்னை மன்னியுங்கள் என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

அவன்மேல் எனக்கும் கோபம் தீரவில்லை. அந்த மடியில் பிள்ளையை உட்கார வைக்கத்தான் வேண்டுமா என்று இரண்டு நாளாக மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனாலும் வேறு மடி எனக்கு ஏது?

கீதா


செம்பூர்,
27 ஆகஸ்ட் 2024

கீதாவுக்கு,

உன் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். வாசித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன். ஏசவில்லை. ஏசினால் அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வார். பேராச்சி அக்கா வீட்டுக்கு நீங்களே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். போனார். போய்விட்டு வரும்போது முகம் செத்துப்போயிருந்தது. ஐந்தாவது மாடியில் எல்லோரும் சிரித்தார்களாம். சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வருவார். மாமன் சீருக்குத் துணி எடுத்தாயிற்று, பிள்ளைக்குக் கம்மல் வாங்கியாயிற்று. ஹரியும் வருவான். அவர் மடியில் ஹரிதா உட்காரட்டும். கோபத்தை அதற்கு மறுநாள் வைத்துக்கொள். உனக்கு வேறு அண்ணன் இல்லை.

நான் வரமாட்டேன். கோபத்தினால் இல்லை, வெட்கமாக இருக்கிறது. உனக்குத் தெரியாது கீதா, நான் ஒன்றிரண்டு பேரிடம் சொன்னதோடு நிறுத்தவில்லை. ஆறுமுகத்தாய் சித்தியிடம் சொன்னால் விக்ரோலி முழுக்கச் சொன்ன மாதிரி. என் சித்தப்பா மகளிடம் ஊருக்கே போன் பண்ணிச் சொன்னேன். கீதா கட்டுப் போட்டுவிட்டாள், பாதிக் கிளிகளைப் பெட்டியில் போட்டதே அதற்குத்தான் என்று சொன்னேன். இந்த ஊரில் அதைக் கேட்ட அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாலில் இருப்பார்கள். எந்த முகத்தோடு நான் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவேன்? வந்தால் கூட்டம் உன்னைப் பார்க்காது, பிள்ளையைப் பார்க்காது, என்னைத்தான் பார்க்கும்.

இரண்டு நாளாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணன் தப்புச் செய்தார், நீ யோசிக்காமல் அதை உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அடங்கிய பிறகு பார்த்தால் அது ஆத்திரமே இல்லை, பொறாமை. எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. அக்கா தங்கை கிடையாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இத்தனை காலத்தில் எனக்காக ஒரு பொய் சொன்ன ஆள் ஒருத்தர்கூட இல்லை.

தட்டுகளை நீ நன்றாகத்தான் அடுக்குவாய். அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிற சீரையும் நீயே பார்த்து வைத்துக்கொள்.

மாரீஸ்வரி


தாராவி,
28 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், ஹரிதா அப்பா பஸ் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

உங்களுக்கு ஆடி மாதம் முழுக்க டைபாய்டு. ஆறுமுகத்தாய் சித்திக்குக் காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். ஜுரம் நூற்றி நாலுக்கு ஏறி, நீங்கள் என்னென்னவோ பினாத்திக்கொண்டிருந்தீர்கள். கிளிக்குத் தலை திரும்பிவிட்டது என்றீர்கள், கட்டு என்றீர்கள், கீதா என்றீர்கள். யாருக்கெல்லாமோ போன் போட்டீர்கள், எங்களால் பிடுங்க முடியவில்லை. நான்தான் தாராவிக்கும் செம்பூருக்குமாக அலைந்து ஈரத் துணி போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். சித்தி அழுதுவிட்டாள். இவ்வளவு நடந்திருக்கு, ஒரு வார்த்தை சொல்லலியேட்டி என்று என்னை ஏசினாள். அந்தப் பேச்சையெல்லாம் ஜுரத்தில் சொன்னது என்று எல்லோருக்கும் அவளே சொல்லிவிடுவாள். ஊருக்கும் அவள் வழியாகவே போய்விடும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வர வேண்டும். வரவில்லை என்றால் சித்தி பழத்தோடு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள். கொஞ்சம் மெதுவாக நடந்து வாருங்கள். முன் தட்டு உங்கள் கையில்தான், கனமில்லாமல் அடுக்கி வைக்கிறேன். பந்தியில் பாயசம் இரண்டாம் தடவை கேட்டுவிடாதீர்கள், வீட்டுக்குக் கட்டித் தருகிறேன். யார் என்ன கேட்டாலும் உங்களுக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம். அவன் கேட்டால் அது உள்காய்ச்சல், வெளியே தெரியாது என்று சொல்லுங்கள், நம்பிவிடுவான்.

கீதா